டார்க் பூஸ்ட்டைக் காட்டி டார்க் கன்ட்ரோல் என்று விற்றுவிட்டார்கள்

ரீவைண்டர் (பேப்பரை ரோலாகச் சுற்றுவது), ஸ்லிட்டிங் மெஷின் (ரோலை நீளவாக்கில் அறுப்பது) வைத்திருக்கிறவர்கள் டிரைவ் (விஎஃப்டி; மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சிவகாசியில் எங்களுடையது சின்ன பேப்பர் யூனிட். ரீவைண்டரில் 2.2 கிலோவாட், 1430 ஆர்பிஎம் மோட்டார். பழைய டிரைவ் எரிந்துபோனதும் டீலரிடம் போனேன். "அண்ணாச்சி, பேப்பரை ஒரே இழுவையில் சுத்தணும். டார்க் மோடு உள்ள டிரைவ்தான் வேணும்." "இருக்கு தம்பி, தைரியமா கொண்டு போங்க" என்றார். டார்க் என்றால் மோட்டாரின் திருகு விசை; டார்க் மோடில் டிரைவ் வேகத்தை அல்ல, அந்த விசையைப் பிடித்து வைக்கும். சாதா டிரைவை விட விலை கூடத்தான். பேரம்கூடப் பேசவில்லை.

76 மில்லிமீட்டர் கோரில் (பேப்பர் சுற்றும் நடுக் குழாய்) ஆரம்பிக்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. ரோல் பெருக்கப் பெருக்க பேப்பர் விறைத்துக்கொண்டு படாரென்று கிழிந்தது. வேகத்தை மாற்றும் குமிழான பொட்டைக் கொஞ்சம் குறைத்தால் தொய்ந்து, ரோல் பக்கவாட்டில் பிதுங்கியது. சர்வீஸ் பையன் வந்தான், டிரைவில் ஏதோ ஒரு பாராமீட்டரை (செட்டிங்கை) 4-லிருந்து 12 ஆக்கினான், "டார்க் ஏத்தியாச்சு சார்" என்று கிளம்பிவிட்டான். மறுநாள் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

கடைசியில் மில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மேனுவலைப் பிரித்துப் பார்த்தார். கன்ட்ரோல் மோடு பாராமீட்டரில் இருந்தது ஒரே ஒரு தேர்வு: வி/எஃப், அதாவது ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வோல்டேஜைக் கொடுப்பது. மோட்டார் கரண்டை அளந்து டார்க்கைக் கட்டுப்படுத்தும் வெக்டர் மோடே கிடையாது. பையன் ஏற்றியது டார்க் பூஸ்ட். குறைந்த ஹெர்ட்ஸில் மோட்டார் கிளம்புவதற்காக வோல்டேஜைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். அளவுக்கு மீறிக் கூட்டினால் கரண்ட் ஏறி மோட்டார் காயும்.

வி/எஃப் டிரைவ் ஹெர்ட்ஸைத்தான் பிடித்து வைக்கும், இழுவையை அல்ல. 50 ஹெர்ட்ஸில் என் மோட்டாருக்கு காந்தப்புலம் சுற்றும் 1500-க்கும் முழு லோடில் மோட்டார் ஓடும் 1430-க்கும் நடுவே உள்ள 70 சுற்றுக்குள் லோடே இல்லாத நிலையிலிருந்து முழு டார்க் வரை வந்துவிடுகிறது. வேகம் இம்மி பிசகினாலும் பேப்பர் ஒன்று தொய்யும், இல்லை அறும். 76 மில்லியிலிருந்து 600 மில்லி வரை ரோல் வளர்கிற இடத்தில் பொட்டை வைத்துக்கொண்டு எந்த ஆபரேட்டர் என்ன செய்வான்? பாவம், அவனைத்தான் நான் முதலில் திட்டினேன்.

திருப்பிக் கொண்டுபோனால், "பாராமீட்டர் மாத்தின சரக்கை எடுக்க மாட்டோம்" என்றார்கள். மாற்றியதே அவர்கள் அனுப்பிய ஆள்! பில்லில் '2.2 கிலோவாட் விஎஃப்டி' என்று மட்டும்தான் இருக்கிறது. டார்க் மோடு பற்றி ஒரு எழுத்து இல்லை. நானும் எழுதி வாங்கவில்லை.

வேறு கடையில் வெக்டர் டிரைவ் வாங்கினேன். இந்த முறை காசு கொடுக்கும் முன்னாலேயே மெனுவில் டார்க் மோடைத் திறந்து காட்டச் சொன்னேன். பெல்ட்டைக் கழற்றி ஆட்டோ டியூன் (டிரைவே மோட்டாரை அளந்து தெரிந்துகொள்வது) செய்தோம். நண்பர் முதலில் வைத்தது ஸ்பீடு லிமிட்; டார்க் மோடில் பேப்பர் அறுந்தால் பிடிமானம் போய் மோட்டார் தறிகெட்டு ஓடும். ரோலின் விட்டத்தைப் பார்த்து டார்க்கையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் ரோல் பெருக்கும்போது இழுவை குறைந்துவிடும்.

பழைய டிரைவை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மாட்டிவிட்டோம். அங்கே ஜோராக ஓடுகிறது.