பாக்ஸ் ஆபிஸ் மோஜோவின் பணவீக்கப் பட்டியல்: டாலரை விடுங்கள், டிக்கெட்டைப் பாருங்கள்

அந்தக் காலப் படம் பெரிய வெற்றியா, இந்தக் காலப் படம் பெரிய வெற்றியா என்ற வாக்குவாதத்தில் பலரும் சான்றாகக் காட்டுவது, திரைப்பட வசூல் விவரங்களைத் தொகுக்கும் பாக்ஸ் ஆபிஸ் மோஜோ இணையதளம் வெளியிடும் பணவீக்கம் சரிசெய்த வசூல் பட்டியலைத்தான். அமெரிக்கா, கனடா வசூலை மட்டுமே கணக்கிடும் இப்பட்டியலில் 1939ஆம் ஆண்டின் ‘கான் வித் தி விண்ட்’ முதலிடத்திலும், 1977ஆம் ஆண்டின் ‘ஸ்டார் வார்ஸ்’ இரண்டாமிடத்திலும் நிற்கின்றன. 93 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, சரிசெய்யாத பட்டியலில் முதலிடம் பிடித்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ இங்கே முதல் பத்துக்குள்கூட வரவில்லை.

இத்தளம் பொதுவான விலைவாசிக் குறியீட்டை நாடாமல், அந்தந்த ஆண்டின் சராசரி டிக்கெட் விலையால் வசூலை வகுத்து, கிடைக்கும் எண்ணிக்கையை அண்மைய ஆண்டொன்றின் டிக்கெட் விலையால் பெருக்குகிறது. எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பது அற்ப விஷயமன்று. 1939இல் 23 சென்ட்டாக இருந்த அமெரிக்கச் சராசரி டிக்கெட் விலை 2019இல் 9.16 டாலரானது, அதாவது ஏறத்தாழ 40 மடங்கு. அதே காலத்தில் நுகர்வோர் விலைக் குறியீடு உயர்ந்ததோ சுமார் 18 மடங்குதான். ஆனால் 1977இலிருந்து கணக்கிட்டால் இரண்டுமே நான்கு மடங்கை ஒட்டி வருவதால், அளவுகோலை மாற்றினாலும் ‘ஸ்டார் வார்ஸ்’ அதிகம் அசையாது. ஆட்டம் காண்பதெல்லாம் அதற்கு வெகுகாலம் முந்தைய படங்களே.

திரையரங்கு வசூலை ஒப்பிட டிக்கெட் விலையே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆயினும் சராசரி என்பது சராசரிதான். ‘கான் வித் தி விண்ட்’ முதலில் வழக்கத்தைவிட மிகக் கூடுதலான சிறப்புக் கட்டணத்தில் ஓடியது. அந்த வசூலை 23 சென்ட்டால் வகுத்தால் வராத கூட்டமும் வந்ததாகிவிடும். குழந்தைகள் அரைக் கட்டணத்தில் திரண்ட படங்களுக்கு நேர்மாறான அநீதி நிகழும். முப்பரிமாணக் கண்ணாடிக்குத் தனிக் கட்டணம் வாங்கிய ‘அவதார்’ போன்றவற்றுக்கும் முதல் சிக்கலே பொருந்தும். போதாக்குறைக்கு, முற்காலத்தில் பத்திரிகைகளில் வெளியானவை பெரும்பாலும் விநியோகஸ்தருக்குப் போய்ச் சேர்ந்த பங்குத் தொகைகள். மொத்த வசூல் அல்ல.

மறுவெளியீடுகளும் உண்டு. 1998 வரை பலமுறை திரும்பத் திரும்ப அரங்குகளுக்கு வந்த ‘கான் வித் தி விண்ட்’ படத்தை, சில வாரங்களில் ஓடி முடியும் இன்றைய படத்தோடு ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தொலைக்காட்சி இல்லாத காலத்தின் சாதகத்தை எந்தப் பெருக்கலும் ஈடுசெய்யாது.

ஆகவே, துல்லியமானது போல் மின்னும் டாலர் தொகையைவிட, அருகிலேயே தரப்படும் டிக்கெட் மதிப்பீட்டையே பார்க்கப் பரிந்துரைப்பேன். ‘கான் வித் தி விண்ட்’ 20 கோடிக்கு மேல், ‘ஸ்டார் வார்ஸ்’ ஏறக்குறைய 18 கோடி, ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’, ‘ஈ.டி.’ இரண்டும் தலா 14 கோடிக்குச் சற்று மேல். முதல் இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தை நம்பலாம். மூன்றாவது, நான்காவது இடங்களுக்கு இடையிலுள்ள மயிரிழை வேறுபாட்டை வைத்து யாரும் பந்தயம் கட்ட வேண்டாம்.