650 ரூவா புல்லுக்கு என் முயல் போட்ட மார்க்

ஆன்லைன்ல திமோத்தி ஹே (முயலுக்குப் போடுற ஒரு வகை காஞ்ச புல்லு) ஒரு கிலோ பாக்கெட் 650 ரூவாய்க்கு வாங்குனேன், இப்ப மூணாவது பாக்கெட் ஓடிட்டு இருக்கு, அதான் எழுதலாம்னு. மொத பாக்கெட்ட பிரிக்கும்போதே அம்மா ஆரம்பிச்சிருச்சு, "ஏன்டா, ஊர்ல படப்பு படப்பா வைக்கோல் கெடக்கு, நீ காஞ்ச புல்ல காசு குடுத்து வாங்குறியாக்கும்?" நியாயந்தான், நானும் அலங்காநல்லூர் மாமா வீட்டுல இருந்து வைக்கோல் அள்ளிட்டு வந்து போட்டவன்தான். பஞ்சு (2 வயசு, வெள்ளை) அதுல சொகமா படுத்து தூங்குச்சே ஒழிய ஒரு வாய் திங்கல. நெல்லு வைக்கோல்ல சத்து ரொம்ப கம்மி, கீழ விரிக்கலாம், சாப்பாடா போட முடியாது.

அப்புறம் ஒரு பெட் ஷாப்ல (பேரு வேணாம்) திமோத்தி கேட்டதுக்கு "அதவிட இது சத்து தம்பி"ன்னு அல்ஃபால்ஃபாவ குடுத்து விட்டாரு, நம்ம ஆளுக குதிரைமசால்னு சொல்றது அதுதான். பஞ்சு வெளுத்துக் கட்டுச்சு, எனக்கும் சந்தோசம். மூணு வாரத்துல பாத்தா மூத்திரம் போன எடமெல்லாம் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி காஞ்சு கெடக்கு, வெரல்ல தேச்சா மாவா வருது. டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுனேன். முயலு திங்கிற தீனில அல்ஃபால்ஃபா மாதிரி கால்சியம் கூடுனா ஒடம்பு அதையும் சேத்து இழுத்துக்கிட்டு மிச்சத்த மூத்திரத்துலதான் தள்ளுமாம், இப்டியே விட்டா கல்லு வந்துரும்னாரு. ஆறு மாசத்துக்குள்ள இருக்க குட்டிக்கும் பால் குடுக்குற தாய்க்கும் அல்ஃபால்ஃபா சரி, வளந்த முயலுக்கு தெனமும் போடக்கூடாது. கடைக்காரருக்கு இது தெரியாதா என்ன?

சரி திமோத்திக்கு வருவோம். கம்பங்கதிருக்கு ஒரு ஒல்லி தங்கச்சி இருந்தா எப்டி இருக்கும், அப்டி ஒரு கதிரு, அதத்தான் பஞ்சு மொதல்ல பொறுக்கித் திங்கும், அப்புறம் எல, கடைசியா வேற வழியில்லாம தண்டு. ஆனா அந்த மொரட்டுத் தண்டுதான் முக்கியம், முயலுக்கு பல்லு சாகுற வரைக்கும் வளரும், மென்னு மென்னுதான் தேயணும், வயிறும் நார் இருந்தாதான் ஓடும். அதுனால தண்டு இருக்கேன்னு கொட்டிட்டு புதுசு போடாதீங்க.

மொத பாக்கெட் பச்சையா கமகமன்னு இருந்துச்சு, ரெண்டாவது கொஞ்சம் பழுப்பு, அடியில ரெண்டு கை தூசி, பஞ்சு தும்முன தும்முல எனக்கே பாவமாயிருச்சு. இப்பல்லாம் மொறத்துல பொடச்சுட்டுத்தான் போடுறேன். பிளாஸ்டிக் கவர்லயே வச்சா வேர்த்துப் பூசணம் பிடிக்குது, பழைய தலகாணி உறைல மாத்தி தொங்கவிட்டாச்சு. பூசண வாடை லேசா வந்தாலும் காசு போனா போகுதுன்னு தூக்கிப் போட்ருங்க.

இது குளிர் நாட்டுப் புல்லு, நம்ம வெயிலுக்கு வராது, வெலையும் அதான் அப்டி. செலவ கொறைக்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல அருகம்புல் கட்டு வாங்கி நல்லா அலசி மாடில காயப்போட்டு பாதிக்குப் பாதி கலக்குறேன், பஞ்சு வித்தியாசமே பாக்கல.

அஞ்சுக்கு நாலு, தூசிக்கு ஒண்ணு கட். ரெண்டு கிலோவா எடுத்தா டெலிவரி ஃப்ரீதான், ஆனா ஐப்பசி கார்த்திகை மழைல மொத்தமா வாங்கி அடுக்காதீங்க, தை பொறக்கட்டும்.