ஆறு பருவம், ஆறு மலை: ஒரு வருடம் பணம் கட்டி நடந்த அனுபவம்

2024 புரட்டாசியில் ஆரம்பித்தோம், 2025 ஆடியில் முடித்தோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த ஆறு பெரும்பொழுதுக்கும் ஒரு மலை வீதம் ஏற வேண்டும், ஆறையும் முடித்தால் சவாலில் ஜெயித்ததாகக் கணக்கு. சென்னையில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துகிற சின்ன மலையேற்றக் குழு இது. ஆளுக்கு 16,800 ரூபாய். வேன், சாப்பாடு, வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். நானும் என் தங்கையும் சேர்ந்தோம். எனக்கு 46 வயது, வங்கியில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை, வலது முழங்காலில் கொஞ்சம் தொந்தரவு உண்டு. என்னை மாதிரி இருப்பவர்கள் சேரலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் விவரமாகவே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் குழுவின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தக் குழுவோடு போனாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள்தான் இவை.

முதல் மலை கொல்லிமலை. கிளாம்பாக்கத்தில் ராத்திரி ஏறி, விடிகாலையில் காரவள்ளி அடிவாரம் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லி ஒரு வாந்தி மாத்திரை போட வைத்திருக்கலாம், சொல்லவில்லை, மேலே போய்ச் சேரும்போது வேனில் பாதிப் பேருக்கு முகம் வெளுத்துவிட்டது. அறப்பளீஸ்வரர் கோவில் பக்கத்திலிருந்து ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். அந்த அருவியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம், இங்கே முதலில் இறங்கி, குளித்து, உடம்பு தளர்ந்து, பசியும் வந்த பிறகுதான் ஏற வேண்டும். மழைக்காலம் என்பதால் அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது, படியெல்லாம் பாசி.

அப்போது இந்தச் சவாலில் மதிப்பெண் முறை இருந்தது. முதலில் மேலே வருபவருக்கு 10, அடுத்தவருக்கு 9 என்று போகும். இருபது வயது கூட ஆகாத பையன் ஒருவன் அந்த 10-க்காக இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான், பாசியில் கால் வழுக்கி, கணுக்கால் பிசகி, மீதிப் படிகளை இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஈரப் படியில் ஓட்டப்பந்தயம் வைக்கிறவர்களை நம்பி இன்னும் ஐந்து மலைக்கு எப்படிப் போவது? அன்று ராத்திரி வேனிலேயே நேரடியாகக் கேட்டேன். அவர்கள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "தப்புதான் அக்கா, இன்னியோட எடுத்துடறோம்" என்றார் குழுவை நடத்தும் பெண். எடுத்தும் விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரே விதி: கடைசி ஆள் மேலே வந்தால்தான் மலை முடிந்ததாகக் கணக்கு, மதிப்பெண் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இந்த ஒரு மாற்றத்தில் குழுவின் குணமே மாறிப்போனது. மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமாக நடப்பவர் பின்னால், கடைசியில் முதலுதவிப் பையோடு குழுவை நடத்தும் பெண்ணின் கணவர். அடுத்த மலையிலிருந்து "அக்கா, நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடி வர்றோம்" என்று அந்தப் பிசகின காலுக்காரப் பையனே என்னை முன்னால் விட்டான். கடைசியில் நடப்பவருக்கு எப்போதுமே ஓய்வு கிடைக்காது, முன்னால் போனவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து எழுந்திருக்கும் நேரத்தில்தான் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவார், உடனே எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அவரையே முன்னால் விட்டுவிட்டால் அவருடைய நடைதான் எல்லாருக்கும் நடை, ஓய்வும் எல்லாருக்கும் ஒன்றாகக் கிடைக்கும். நீங்கள் சேரப்போகும் குழுவிடம் முதலில் கேளுங்கள், மெதுவாக நடப்பவர் வரிசையில் எங்கே நடப்பார் என்று. பதில் சரியில்லை என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

அடுத்தது கூதிருக்குப் பர்வதமலை. 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை என்று தேதி குறித்திருந்தார்கள். ஃபெஞ்சல் புயல் வருகிறது என்ற செய்தி வந்ததுமே, வியாழக்கிழமை இரவு, பயணம் ரத்து என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். வந்த பேச்சைப் பார்க்க வேண்டுமே. லீவு போட்டாச்சு, சென்னையில் இன்னும் தூறல்கூட இல்லை, அடிவாரம் வரையாவது போய்ப் பார்க்கலாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஆளாளுக்கு ஒன்று. நானும் கொஞ்சம் முணுமுணுத்தேன், அதை மறைக்கவில்லை. அவர்கள் ஒரே வரியில் பதில் சொன்னார்கள்: "பாறை நனைஞ்சா நாங்க ஏத்த மாட்டோம்." அந்த ஞாயிறு சாயங்காலம்தான் திருவண்ணாமலையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்துபோனார்கள். செய்தியைப் பார்த்தபோது எங்கள் குழுவில் யாருமே எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலையில் ஒருவர் "நன்றி" என்று மட்டும் போட்டார்.

தை மாதத்தில் இரண்டு மலையாகச் சேர்த்து வைத்துக்கொண்டோம். ஏலகிரி சுவாமிமலை சுலபம், முதல்முறை ஏறுபவர்கள்கூடத் தாராளமாகப் போகலாம். ஆனால் அன்று குறை வேறு. 18 பேருக்கு மேல் எடுக்கமாட்டோம் என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள், அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வாங்கி வெளியாட்களைச் சேர்த்து 31 பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாதை முழுக்கச் சத்தம், பாட்டுப்பெட்டி, வளைவுக்கு வளைவு செல்ஃபி. தோசை எல்லாருக்கும் வரவில்லை, கடைசி ஆறு பேருக்கு ரொட்டி. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் பெருகினால் வரிசை அறுந்துபோகும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

பர்வதமலைக்கு மறுபடி 18 பேர்தான். தென்மாதிமங்கலம் பக்கமாக ஏறினோம். அதிகாலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி, படிகள் முடிந்து, கரடுமுரடான கல்பாதையும் முடிந்து, கடப்பாறைப் படிக்கு வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருப்பார்கள், பக்கத்தில் சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டு, கடப்பாறையில் கால் வைத்து ஏற வேண்டும். பனியில் சங்கிலி ஜில்லென்று நனைந்திருந்தது, கையை எடுத்தால் உள்ளங்கை முழுக்க இரும்பு வாசனை, துருவின் செம்மண் நிறம். எனக்கு முன்னால் வழிகாட்டி, பின்னால் என் தங்கை. "கீழ பாக்காதீங்க அக்கா, அடுத்த கம்பிய மட்டும் பாருங்க" என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். சங்கிலியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், மேலே போனவர் குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் கை வைக்க வேண்டும். இதை எங்கள் குழு ஒழுங்காகக் கடைப்பிடித்தது. பக்கத்தில் வந்த வேறொரு கூட்டம் ஒருவர் காலடியில் இன்னொருவர் தலையாக ஏறிக்கொண்டிருந்தது, பார்க்கவே வயிறு கலங்கியது. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோவிலுக்கு 58 வயது மாமா ஒருவர் கடைசியாக வந்து சேர்ந்தபோது நாங்கள் 17 பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். அவர் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பின்பனிக்கு வெள்ளியங்கிரிதான் என்று எல்லாரும் நினைத்தோம், மாசி சிவராத்திரிக்குத் தோதான மலை அதுதானே. ஆனால் 10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்கள் ஏழு மலையும் ஏறும் வழக்கம் அங்கே இல்லை, எங்கள் குழுவில் பாதிப் பேர் பெண்கள். பாதிக் குழுவை அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு ஏற முடியாது என்று முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. மாசியிலிருந்து காடு காய ஆரம்பித்துவிடும், தீக்காலத்தில் வனத்துறை தடங்களை மூடிவிடுகிறது. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டு 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பலர் பெண்கள், பலர் என்னைவிடச் சின்னவர்கள். அந்த மாதங்களில் "மூடிய தடம்தான், ஆனால் நாங்கள் கூட்டிப் போவோம்" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை உடனே அழித்துவிடுங்கள்.

அதனால் காட்டுக்குப் பதிலாகக் கோட்டை. செஞ்சியில் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் ஒரே நாளில். நுழைவுச்சீட்டுக் கொடுக்க ஆரம்பித்ததுமே முதல் ஆளாக உள்ளே போனாலும், பதினொரு மணிக்குப் பாறை அடுப்புக்கல் மாதிரி காய்ந்துவிட்டது. ராஜகிரி உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின் மேலிருக்கும் பாலத்தில் காற்று வந்தபோதுதான் உயிரே வந்தது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொடுத்தார்கள், போதவே போதாது, இரண்டரை லிட்டராவது வேண்டும். கிருஷ்ணகிரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கச் சொன்னார்கள், ஒரு பெண்ணுக்குத் தலைசுற்றல். அவர் ஒருவருக்காக எல்லாரும் இறங்கினோம், அந்த மலையின் மதிப்பெண்ணையும் எல்லாருக்கும் கொடுத்தார்கள். (எங்கள் பயணத்துக்குப் பிறகு, 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனிக் கூட்டம் கூடும், போகாதவர்கள் சீக்கிரம் போய்வாருங்கள்.)

இளவேனிலுக்குக் கொடைக்கானல். இ-பாஸ் எடுப்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு, சரியாகச் செய்தார்கள். வட்டக்கானலில் ஆரம்பித்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை வரை, கிட்டத்தட்ட முழுக்க இறக்கம். இறக்கம் என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், என் முழங்காலுக்கு ஆறு மலையில் இதுதான் கஷ்டமான நாள். கைத்தடி இரண்டு கொடுத்தார்கள், அது இல்லாவிட்டால் நான் இறங்கியிருக்கமாட்டேன். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடமாட்டார்கள், ஊரே கோவில் மாதிரி. நாங்களும் ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஐந்து மணி நேரம் ஷூவுக்குள் வெந்துகொண்டிருந்த பாதம் அந்தக் குளிர்ந்த மண்ணில் பட்டபோது இருந்த சுகத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. திண்ணையில் இருந்த ஒரு பாட்டி "எந்த ஊரு தாயி?" என்று கேட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வழிகாட்டியும் அந்தப் பக்கத்து ஆள்தான், எந்தக் காப்பிச் செடி யார் வீட்டுடையது என்பதுவரை தெரிந்தவர்.

கடைசி மலை கோத்தகிரி. ஏட்டில் ஆனியும் ஆடியும் முதுவேனில், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனால் அப்போதுதான் தென்மேற்குப் பருவமழை. லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், ஈரநிலங்களுக்கான உலக அளவிலான ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்த சோலைக்காடு. நடை ரொம்பச் சுலபம், அட்டைதான் தொந்தரவு. அட்டைக்கடி தடுக்கும் நீளக் காலுறைக்குத் தனியாக 350 ரூபாய் கேட்டார்கள், எல்லாம் அடக்கம் என்று சொல்லிவிட்டு இப்படிக் கேட்பது சரியில்லை, அதையும் சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே போன பிறகு யாரும் பேசவில்லை. மரத்திலிருந்து மரத்துக்கு மழை சொட்டுகிற சத்தம், நடுவில் நீலகிரிச் சிரிப்பான் பறவையின் குரல், அவ்வளவுதான்.

பெண்களுக்காக இதையும் எழுத வேண்டும், மற்ற விமர்சனங்களில் யாரும் எழுதுவதில்லை. கழிப்பறை. இந்தக் குழுவை நடத்தும் பெண்ணின் பையில் எப்போதும் மடித்து வைக்கிற துணி மறைப்பு ஒன்று இருக்கும், நாப்கின், காகிதப் பை, சின்ன மண்வெட்டி எல்லாம் இருக்கும். ஏறுவதற்கு முன் எந்த பெட்ரோல் பங்கில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று பார்த்து வைத்துத்தான் வேனை நிறுத்துவார்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஏறுகிற பெண்களை நான் மற்ற குழுக்களில் பார்த்திருக்கிறேன், மயக்கம் வருவதே அதனால்தான்.

சாப்பாடு சுமார், வேன் இருக்கைகள் மோசம். காசுக்குத் தகுந்த சேவையா என்றால், வழிகாட்டிகளுக்காகவும் அந்த வியாழக்கிழமை முடிவுக்காகவும் தகும் என்றே சொல்வேன். அடுத்த வருடத்துக்கு 18,000 ஆக்கிவிட்டார்கள். நானும் தங்கையும் பெயர் கொடுத்துவிட்டோம், 20 பேருக்கு மேல் சேர்த்தால் அந்தப் பயணத்தின் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான். அந்த மாமாவும் வருகிறார், இந்த முறை மனைவியோடு.