குளத்து மீனுக்கு வலை கட்டித் தருகிறோம் என்று 38,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள் – பெங்களூரு நண்பர்களே, உஷார்!

வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். வீட்டுக் குளத்து மீன்களைக் கொக்கிடமிருந்து காப்பாற்ற வலை கட்டித் தருகிறோம் என்று 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கும்பல் செய்துவிட்டுப் போன வேலையை, இந்த ஊரில் கோய் (அலங்காரக் கெண்டை மீன்) வளர்க்கிற எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் போடவில்லை. குழாய் ரிப்பேர், ஏசி சர்வீஸ், பால்கனிக்குப் புறா வலை என்று எதற்கும் ஆள் அனுப்பும் செயலிகளில் ஒன்று. எந்த வலை, எப்படிக் கட்டுவது, எதைச் சோதிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் 12க்கு 8 அடி சிமெண்ட் குளம், மூன்றரை அடி ஆழம். அல்சூர் ஏரி பறவைக்குத் தூரமே இல்லை. மடையான் (குளத்துக் கொக்கு) விடியற்காலையில் வந்து கரையோரம் அசையாமல் நின்று குத்தும். வக்கா (இராக்கொக்கு) இருட்டியபின் வரும். மீன்கொத்தி மேலிருந்து பாயும். நின்று குத்துவதைத் தடுக்க ஓரம் அடைபட வேண்டும். பாய்வதைத் தடுக்க வலைக்கண் சிறியதாக இருக்க வேண்டும். அதனால் ஆர்டரிலேயே எழுத்தில் கொடுத்தாயிற்று: எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் இழையில் முடிச்சு வலை, வெயில் தாங்கும் ரகம், கண் 25 மி.மீ.; தாங்கிப் பிடிக்க 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஒயர் ரோப், இரண்டடிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு டர்ன்பக்கிள் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு). தண்ணீரிலிருந்து ஒன்றரை அடி உயரம். நாலு ஓரமும் தரை வரை இறங்க வேண்டும்.

அளவெடுக்க வந்தவர் நல்ல தமிழ் பேசினார். "நான் கிருஷ்ணகிரிங்கண்ணா, நம்ம வீட்டு வேலை மாதிரி பாத்துக்கறேன்" என்றார். பையிலிருந்து ஒரு முழம் சாம்பிள் வலையை எடுத்து, ஒரு முனையைக் காலில் மிதித்துக்கொண்டு மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். கரும்பச்சை, கெட்டி முடிச்சு, கண் சரியாக 25. கேட்ட சரக்கேதான். கம்பி, ஆங்கர் போல்ட் கணக்கெல்லாம் பிசகில்லாமல் சொன்னார். செயலியில் முழுப் பணமும் கட்டினால்தான் தேதி கொடுப்பார்களாம். 38,500 ரூபாய் போயிற்று.

கட்ட வந்தது வேறு ஆட்கள். வீட்டில் அம்மா மட்டும் இருந்த நேரம். கட்டிவிட்டுப் போனது பால்கனியில் புறாவுக்கு அடிக்கிற கண்ணாடி நைலான் நரம்பு வலை! கண் 50 மி.மீ. ஒயர் ரோப் இருக்க வேண்டிய இடத்தில் கொத்தனார் கட்டுக்கம்பி. டர்ன்பக்கிள் ஒன்றுகூட இல்லை. ஓரம் கரையில் இரண்டு அங்குலம் தூக்கி நிற்கிறது.

இதில் என்ன கெடுதல் என்றால், நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளரும். முறுக்கி இறுக்க டர்ன்பக்கிள் இல்லாததால் ஒரு மழைக்கே நடுவில் தொட்டில் போலத் தொங்கித் தண்ணீரைத் தொட்டுவிட்டது. தண்ணீரைத் தொடும் வலை கொக்குக்கு மேடைதான். அதன்மேல் நின்றுகொண்டு கண் வழியாகவே குத்தும். இரண்டு கோய்க்கு முதுகுத் துடுப்பருகே செதில் பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது. மற்றவை அடியிலேயே ஒண்டிக்கிடக்கின்றன, தீனிக்குக்கூட மேலே வருவதில்லை. 50 மி.மீ. கண்ணில் சிறு மீன்கொத்தி தாராளமாக நுழையும்.

அதைவிடக் கொடுமை, நேற்று ஒரு மடையான் மாட்டிக்கொண்டது. நரம்பு கண்ணுக்கே தெரியாததால் பறவைக்கு அங்கே வலை இருப்பதே தெரியாது. உதறியதில் நரம்பு அதன் கால்விரலைச் சுற்றித் தோலுக்குள் இறங்கிவிட்டது. துணியால் மூடிப் பிடித்து, வலையை இழுக்காமல் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது. காயம் ஆழமாக இருந்தால் கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் வனவிலங்கு மருத்துவமனை இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள். கண்ணுக்குத் தெரிகிற தடித்த வலை கேட்டது இதற்காகவும்தான்.

பில்லில் இன்னும் இரண்டு சாமான். ஒன்று, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியால் பறவையை விரட்டுமாம் என்கிற "அல்ட்ராசானிக்" பெட்டி. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பறவைக்குக் காதே கேட்காது, கொக்கு அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொள்ளும். நான் ஆர்டர் செய்யாமலேயே பில்லில் ஏற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, ஆள் அசைந்தால் தண்ணீர் பீச்சும் சென்சார் ஸ்பிரிங்க்ளர். சாமான் நல்ல சாமான்தான், பூனைக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்கு ஏறக்குறைய 2 பார் அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார். மாடி டேங்க் 6 மீட்டரில் இருக்கிறது. பூஸ்டர் பம்பு வைக்காமல் டேங்க் குழாயில் நேராகச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். பீச்சவில்லை, ஒழுகுகிறது.

சாம்பிள் காட்டியவரைக் கூப்பிட்டால், "நான் அளவு மட்டும்தாங்கண்ணா, கம்பெனிகிட்ட கேளுங்க." கம்பெனி சாட்டில் கேட்டால் "நாங்கள் இணைப்பு மட்டுமே, வேலைக்கு வேலையாளரே பொறுப்பு." போட்டோ அனுப்பினால் 48 மணி நேரத்தில் அழைப்போம் என்று ஒரு செய்தி, அழைக்காமலே புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. மறுபடி திறந்தால் ஒரு பெண், "சார், நீங்க இழுத்து அளந்திருப்பீங்க, இழுத்தா 50 வரும், அதுவே 25 கண்தான்" என்கிறார். இது பச்சைப் பொய். முடிச்சுக்கு முடிச்சு ஒரு பக்கம் அளந்தாலே 50; இழுத்து அளந்தால் 100 வருகிறது. ஸ்கேலோடு போட்டோ அனுப்பியதற்குப் பதிலே இல்லை. கடைசியில் அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் தள்ளுபடியாம்! 38,500 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்ட வந்த வலையில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி போக நசுக்கிவிட்டு விடுங்கள்: எச்.டி.பி.இ. மிதக்கும், நைலான் மூழ்கும். சாம்பிள் துண்டை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கண் அளவை "முடிச்சுக்கு முடிச்சு" என்றே எழுதி வாங்குங்கள். கட்டி முடித்ததும் நடுவில் கையால் அமுக்கிப் பாருங்கள், தண்ணீரைத் தொடக்கூடாது. முழுப் பணம் முன்னால் கேட்டால் ஆளை மாற்றுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். குத்துப்பட்ட மீனுக்கு லிட்டருக்கு 3 கிராம் அயோடின் இல்லாத கல்லுப்பு, தனித்தொட்டியில். குளத்தின் அடியில் ஆறு அங்குல பிவிசி பைப் துண்டுகள் போட்டு வையுங்கள், மீன் ஒளிந்துகொள்ளும். கொக்கைக் கல்லால் அடிக்கவோ கண்ணி வைக்கவோ வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இப்போதைக்கு இவ்வளவுதான். இன்னொரு பறவை மாட்டுவதற்குள் அந்த நரம்பு வலையை அறுத்துப் போட வேண்டும்.