சுருட்டுப்பெட்டி கிட்டார்: மூன்று ஆண்டு வாசித்த பின் எழுதுவது

வட கரோலினாவில் எங்கள் ஊர்ப் புகையிலைக் கடையில் காலிச் சுருட்டுப்பெட்டிகளைச் சில டாலர்களுக்கு விற்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே வாங்கிய, உள்ளே செடார் மரத்தின் மணம் தங்கியிருந்த ஒரு பெட்டியைக் கொண்டு மூன்று கம்பி கிட்டார் ஒன்றை நானே செய்தேன். அன்றிலிருந்து பெரும்பாலான மாலைகளில் அரை மணி நேரமாவது அதை வாசித்துவருகிறேன். செய்து முடித்த வாரத்திலேயே எழுதியிருந்தால் பெட்டியின் அழகைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்; இன்று, கம்பிகள் நீளவாக்கில் ஓடும் கழுத்துக்கட்டையைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவி அமெரிக்க மண்ணில் பிறந்தது. 1860களில் வரிச் சட்டத்தின் காரணமாகச் சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்பது வழக்கமானபின், கையில் காசில்லாதவர்களுக்கு மெல்லிய நல்ல மரப்பெட்டி இலவசமாகக் கிடைத்தது. உள்நாட்டுப் போர்க்காலப் பாசறையில் ஒரு வீரர் சுருட்டுப்பெட்டியாலான வயலினை வாசிக்கும் காட்சியை ஓவியர் எட்வின் ஃபோர்ப்ஸ் 1876இல் செதுக்கோவியமாக வெளியிட்டார். டெக்சாஸ் புளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸ் சிறுவயதில் தம் முதல் கருவியைச் சுருட்டுப்பெட்டியில்தான் செய்துகொண்டார். இல்லாமையிலிருந்து இசையைப் பிறப்பித்த அந்த மக்கள்மீது எனக்குள்ள மதிப்பே என்னை இந்த வேலையில் இறக்கியது.

முதல் கழுத்துக்கு பாப்லர் கட்டையை எடுத்தேன். மரக்கடையில் ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று பெயர் சொல்லி விற்கும் கட்டை, இழைத்து முடிந்த நிலையில் முக்கால் அங்குலத் தடிப்பும் ஒன்றரை அங்குல அகலமும்தான் இருக்கும். பெயரை நம்பிப் பெட்டியில் துளை வெட்டாமல், கட்டையைக் கையில் வைத்து அளந்தபின் வெட்டுவது நல்லது. கம்பியை விரலால் அழுத்தும் இடங்களில் குறுக்கே வரும் உலோகப் பட்டைகளான மெட்டுகளை அந்தக் கட்டையிலேயே நேரடியாகப் பதித்தேன். முதல் சில மாதங்கள் குறையேதும் தெரியவில்லை. எட்டாம் மாதத்தில், 12ஆம் மெட்டருகே கம்பியை அழுத்த விரலுக்கு வழக்கத்தைவிட அதிக வலு தேவைப்படுவதை உணர்ந்து அளந்தபோது, இரண்டரை மி.மீ.ஆக இருந்த கம்பி உயரம் நான்கைத் தாண்டியிருந்தது. எஃகு அளவுகோலைக் கழுத்தின்மீது நீளவாக்கில் நிறுத்தி விளக்குக்கு எதிரே பிடித்தேன். நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. மூன்று கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 20 கிலோ விசையுடன் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்க, உள்ளே எஃகுத் தண்டு எதுவும் இல்லாத அந்த மென்கட்டை மெல்ல மெல்ல வளைந்துவிட்டது.

இரண்டாம் கழுத்தை மேப்பிளில் செய்து, அதன்மேல் 6 மி.மீ. விரற்பலகை ஒன்றை ஒட்டினேன். ஒரே மரமாக இருந்தாலும் கட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) உயர்வதால், 19 மி.மீ. தடிப்பு 25 ஆகும்போது விறைப்பு இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கழுத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுவிசையைத் தாங்கி நேராகவே நிற்கிறது. புதிதாகச் செய்ய விரும்புகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது, பெட்டிக்குச் செலவிடுவதை மிச்சப்படுத்தியாவது நேரான ரேகை ஓடும் வன்மரக் கட்டை ஒன்றை வாங்குங்கள் என்பதுதான்.

முதல் கழுத்தில் மெட்டுகளின் இடமும் பிழையாக இருந்தது. கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். மீதமுள்ள நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது கிடைக்கும். என் கம்பி நீளம் 635 மி.மீ. என்பதால், முதல் மெட்டு 35.6 மி.மீ.இலும் 7ஆம் மெட்டு 211.2 மி.மீ.இலும் 12ஆம் மெட்டு சரிபாதியான 317.5 மி.மீ.இலும் அமைய வேண்டும். கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் நான் ஒவ்வொரு மெட்டையும் அதற்கு முந்தைய மெட்டிலிருந்து அளந்து குறித்ததால், பென்சில் கோட்டின் தடிப்பளவு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, 12ஆம் மெட்டு 2 மி.மீ. விலகிப்போனது. அது 11 சென்ட், அதாவது ஓர் அரைச் சுரத்தின் நூறில் பதினொரு பங்கு. இரண்டு கம்பிகள் சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்கும் கருவியில், தம்பூராவோடு பழகிய காதுக்கு அது உறுத்தாமல் இருக்காது. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் பதிந்திருப்பதால் காலப்போக்கில் மேளம் கட்டித் திருத்திக்கொள்ளலாம். மரத்தில் ரம்பத்தால் அறுத்த பள்ளத்தை நகர்த்த வழியில்லை. இரண்டாம் கழுத்தில் எல்லா மெட்டுகளையும் தலைப்பக்கத்து விளிம்பிலிருந்தே அளந்து, கூர்முனைக் கத்தியால் கோடிட்டேன்.

பெட்டி மூடியின்மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரையை ஒட்டாமல் விட்டது நல்லதாயிற்று. 12ஆம் மெட்டுக்கு நேராகக் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியையும் ஒப்பிட்டு, அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையைப் பின்னே தள்ள வேண்டும். தடித்த கம்பிப் பக்கம் சுமார் 3 மி.மீ. கூடுதலாகத் தள்ளிச் சாய்வாக நிறுத்தியபோது மூன்றும் இசைந்தன. கம்பி மாற்றும்போது இடம் தவறாமலிருக்க மூடியில் பென்சிலால் குறியிட்டு வைத்திருக்கிறேன்.

ஒலியைப் பொறுத்தவரை, பெட்டிக்குள் ஓடும் கழுத்துக்கட்டை மூடியைத் தொடக் கூடாது என்பதை முதல் மாதத்திலேயே உணர்ந்தேன். தொடக்கத்தில் உறுதிக்காக இரண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தேன். பலகையைத் தட்டியது போன்ற சத்தமே வந்தது. மூடியைப் பிரித்தெடுத்து, கட்டையின் மேற்புறத்தை உளியால் 3 மி.மீ. ஆழம் செதுக்கிய பிறகு அதே பெட்டி வாய்திறந்து பாடியது. அதற்கு விலையாக, கம்பிகளின் அழுத்தத்தில் குதிரைக்கடியில் மூடி சற்றே அமுங்கியது. உட்புறம் மெல்லிய ஸ்புரூஸ் சட்டம் ஒன்றை ஒட்டியபின் அமுங்கல் நின்றது.

குளிர்காலம் தனிப் பாடம். வீட்டில் வெப்பமூட்டி ஓடும் மாதங்களில் காற்று வறண்டு மரம் சுருங்க, உலோக மெட்டுகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். முதல் குளிர்காலத்தில் சிறு அரத்தால் அவற்றை மழுங்கச் சீவினேன்; அடுத்த ஆண்டுகளில் அந்தத் தொல்லை வரவில்லை. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் மலிவு விலைப் பிரடைகள் சுருதியை இழக்கின்றன என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் தலைப்பக்கத்துப் பள்ளத்தில் கம்பி சிக்கி, விட்டு விட்டு நழுவிக்கொண்டிருந்தது. பென்சில் கரியை அங்கே தேய்த்தது போதுமானதாக இருந்தது. மர அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ வில்லை பொருத்தி ஒலிபெருக்கியில் இணைத்தும் பார்த்தேன். முன்பெருக்கி இல்லாமல் தகரம் போல் ஒலிப்பதால் அதைப் பயன்படுத்துவதில்லை.

மூன்று கம்பிகளையும் ஜி-டி-ஜி என்று, அதாவது ச-ப-ச என்று சேர்த்திருக்கிறேன். சாதாரண கிட்டாரின் ஐந்தாம், நான்காம், மூன்றாம் கம்பிகளே இதற்குப் பொருந்தும். ஐந்தாவதை மட்டும் ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்க வேண்டும். காந்தாரம் எந்தக் கம்பியிலும் இல்லாததால் எந்த ராகச் சாயலுக்கும் இது இடம் கொடுக்கிறது. புளூஸ் கலைஞர்கள் பெரிதும் சார்ந்திருக்கும் ஐந்து சுர வரிசை நம் சுத்த தன்யாசியின் சுரங்களேதான் என்பதை, கோட்டு வாத்தியத்தின் உருளையைப் போலக் கண்ணாடிக் குழாயைக் கம்பிமேல் வழுக்கவிட்டு வாசித்த ஒரு மாலையில் விரல்வழியே கண்டுகொண்டபோது நெடுநேரம் கருவியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

இரண்டாவது கிட்டாருக்கான மேப்பிள் கட்டை ஆறு வாரங்களாக அலமாரியின்மேல் தட்டையாகக் கிடந்து வீட்டுக் காற்றுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. ஞாயிறுதோறும் அதே எஃகு அளவுகோலை அதன்மேல் நிறுத்திப் பார்க்கிறேன். இதுவரை எங்கும் வெளிச்சம் புகவில்லை.