வண்டி டிராக்கிங் ஆப் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து பண்ருட்டிக்கும் புதுச்சேரிக்கும் மீன் லோடு அடிக்கிறேன். நான்கு குட்டியானைகள். டிரைவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பேட்டா. அதற்காகப் புதுச்சேரியில் ஒருவரிடம் 40,000 ரூபாய் கொடுத்து ஆண்ட்ராய்டு ஆப் செய்து வாங்கினேன்.

முதல் மாதமே குழப்பம். பயணத்தைத் தொடங்கிய டிரைவர் வழியில் யாருக்காவது போன் பேசிவிட்டுத் திரும்ப ஆப்பைத் திறந்தால், திரையில் சைபர். கீழே 'தொடங்கு' பட்டன். ஆனால் மேலே நோட்டிஃபிகேஷனில் 'பயணம் பதிவாகிறது' என்று இருக்கும். அவர் மறுபடி அழுத்துவார். ஒரு வழிக்கு 30 கிலோமீட்டருக்குள் முடிய வேண்டிய புதுச்சேரி ஓட்டம், மாலைக் கணக்கில் 80-ஐத் தாண்டி நிற்கும்.

கேட்டதற்கு, "டிரைவர்தான் ஏதோ தில்லுமுல்லு பண்றார் சார்" என்றார் ஆப் செய்தவர். நம்பினேன். ஆறு வருடமாக என்னுடன் இருப்பவரின் பேட்டாவைப் பிடித்தேன். "அண்ணே, நான் எங்கேயும் சுத்தலண்ணே" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் சர்வரை மாற்ற வேண்டும் என்று இன்னொரு 6,000 வாங்கிக்கொண்டார்கள்.

சண்டை போட்டு, ஆப்பின் கோடை (அதை எழுதிய புரோகிராமை) வாங்கி, சொந்தக்காரப் பையனிடம் காட்டினேன். திரையை மூடினாலும், கிலோமீட்டரைப் பதியும் 'சர்வீஸ்' என்ற பகுதி பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து இப்படித் தொடர்ந்து இடத்தைப் பதிவதற்குத்தான் அந்த நோட்டிஃபிகேஷன் என்றான். ஆப்பைத் திரும்பத் திறக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸோடு 'பைண்ட் சர்வீஸ்' என்ற கட்டளை மூலம் இணைந்து, எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று கேட்டுத் திரையில் காட்ட வேண்டுமாம். அதை எழுதவே இல்லை. சர்வீஸைத் தொடங்கும் 'ஸ்டார்ட் சர்வீஸ்' கட்டளை மட்டும். ஏற்கனவே ஓடும் சர்வீஸை ஆண்ட்ராய்டு இரண்டாவதாக உருவாக்காது. ஆனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சர்வீஸுக்குள் இருக்கும் 'ஆன் ஸ்டார்ட் கமாண்ட்' என்ற பகுதி மறுபடி ஓடும். அதற்குள் புதிதாக ஒரு கிலோமீட்டர் கணக்கைத் தொடங்கி வைத்திருக்கிறார்கள். மூன்று முறை அழுத்தினால் மூன்று கணக்கும் சேர்ந்தே ஏறும்.

உங்களுக்கும் இப்படி ஆப் வருகிறதென்றால், கடைசித் தவணை கொடுக்கும் முன் நீங்களே வண்டியில் ஏறிப் பாருங்கள். பயணத்தைத் தொடங்கி, ஆப்பை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். விட்ட இடத்திலிருந்து கிலோமீட்டர் ஏறியிருக்க வேண்டும். ஆப்பின் கோடு உங்கள் கைக்கு வரும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பிடித்த பேட்டாவை டிரைவரிடம் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆப் செய்தவர் இப்போது போனை எடுப்பதில்லை.