கீமோ போர்ட்: கருவிக்கு முழு மார்க், கழற்றும்போது கவனம்

ஜிப்மருக்கோ புதுச்சேரியின் தனியார் மருத்துவமனைகளுக்கோ கடலூர், பண்ருட்டி பக்கமிருந்து கீமோவுக்கு (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) வருபவர்கள் பலருக்குக் கை நரம்பு, அதாவது ஊசி போடும் ரத்தக் குழாய், சீக்கிரமே காய்ந்துவிடும். அவர்களுக்குத் தோலுக்கடியில் பதித்து மருந்து ஏற்றும் இந்தப் போர்ட் பெரிய நிம்மதி. பத்து ரூபாய் நாணயம் அகலத்தில் ஒரு டைட்டானியம் டப்பி, மேலே சிலிக்கோன் மூடி, அங்கிருந்து இதயத்தின் வாசல் வரை போகும் மெல்லிய குழாய், அவ்வளவுதான். கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் கையாளும் விதத்தில்தான்.

ஊசி, போர்ட்டுக்கென்றே செய்த ஹூபர் ஊசியாகவே இருக்கவேண்டும். சாதா ஊசி சிலிக்கோனைத் துருவியெடுத்துவிடும், பிறகு மருந்து தோலுக்கடியில் கசியும். ஊசிமுனை அடித்தட்டில் முட்டுவது விரலுக்கே தெரியும். முட்டினாலும், ரத்தம் இழுத்துப் பார்க்காமல் மருந்து ஏற்றக்கூடாது. சிரிஞ்சு 10 மில்லிக்குக் குறையக்கூடாது. சின்ன சிரிஞ்சின் அழுத்தம் குழாயைக் கிழித்துவிடும். 10 மில்லி சலைனை விட்டு விட்டுத் தள்ளி, கடைசியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஏற்றிப் பூட்டுவது வழக்கம். இப்படிக் கழுவிவிடும் ஃப்ளஷ் மாதம் ஒருமுறை என்பது பழைய கணக்கு. சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று இப்போது பல இடங்களில் வைத்திருக்கிறார்கள்.

மருந்து உள்ளே போகிறது, ரத்தம் மட்டும் வரவில்லையென்றால் பெரும்பாலும் குழாய்முனையில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம்) சவ்வு மூடியிருக்கும். கையைத் தூக்கினால்தான் வேலை செய்கிறதா? காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே குழாய் நசுங்குகிறது. எக்ஸ்ரே எடுக்காமல் அடுத்த கீமோ வேண்டாம். கழுத்து நரம்பு வழியாக வைத்த போர்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஃப்ளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தால் போர்ட்டிலேயே கிருமி இருப்பதாகச் சந்தேகிக்கவேண்டும். அது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா அல்லது கேண்டிடா என்ற பூஞ்சை என்று கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வந்தால் மருந்தை மட்டும் நம்பாமல் போர்ட்டை எடுப்பதுதான் சரி.

எடுப்பது அரைமணி நேர வேலை என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, பழைய தழும்பிலேயே கீறி, டப்பியைச் சுற்றி வளர்ந்த உறையைத் திறந்து தையலை வெட்டுவார்கள். நோயாளியை மூச்சடக்கச் சொல்லிக் குழாயை மெல்ல உருவி, நரம்புக்குள் அது நுழைந்த இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். வெளியே வந்த குழாயைத் துணியில் நீட்டி, வைத்தபோது எழுதிய நீளத்தோடு ஒப்பிடவேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

பல வருடம் இருந்த குழாய் நரம்புச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். வலுவாக இழுத்தால் அறுந்து, துண்டு இதயத்துக்கோ நுரையீரல் தமனிக்கோ போய்விடும். அதைத் தொடை நரம்பு வழியாகக் கண்ணி போட்டு எடுக்கக் கேத்லேப் (எக்ஸ்ரே பார்த்தபடி ரத்தக் குழாய்க்குள் வேலை செய்யும் அறை) வேண்டும். ஆகவே நாள்பட்ட போர்ட்டைக் கேத்லேப் உள்ள இடத்தில் கழற்றுங்கள்.

சீழ் பிடித்த குழியைத் தைக்கமாட்டார்கள், காஸ் துணி வைத்துத் தானாக மூடவிடுவார்கள். அந்த டிரஸ்ஸிங்குக்காகத் தினமும் கடலூரிலிருந்து பஸ் ஏறவேண்டியதில்லை. சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம். குழாய் முழுசாக வந்தது என்ற வரியையும் அதன் நீளத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் கேட்டு வாங்குங்கள்.